வார்டு மெம்பர் முதல் கோட்டை வரை: ஓர் ஊராட்சி செயலர் சொல்லும் வழி

ஊராட்சியில் ஜெயித்துச் சான்றிதழ் வாங்கிய அன்றைக்கே "நாளைய சட்டமன்றமே" என்று ஃப்ளெக்ஸ் வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும், ஆசைப்படுவதில் தப்பில்லை. அந்த ஃப்ளெக்ஸுக்கும் ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவில் எத்தனை தாள், எத்தனை கையெழுத்து, எத்தனை வாசல் என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள்.

நான் லால்குடிப் பக்கம் ஊராட்சி எழுத்தராகச் சேர்ந்தவன். பிறகு உதவியாளர் என்றார்கள், செயலர் என்றார்கள். பெயர் மாறியதே தவிர மேசை மாறவில்லை. ஓய்வுக்கு அப்புறம் தேர்தல் வந்தால் வேட்பு மனு எழுத, பிரமாணப் பத்திரம் நிரப்ப, செலவுப் பதிவேடு போட என்று எல்லாக் கட்சிக்காரர்களும் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். என்ன கட்சி என்று நான் கேட்பதில்லை. வாக்காளர் பட்டியல் நகல் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். அங்கே வாய்வழியாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஊராட்சித் தலைவருக்குக் கையெழுத்து உண்டு. அவர் போட்டால் பணம் நகரும். எம்.எல்.ஏ.வுக்கு அது கிடையாது. ஒரு தெருவிளக்கு பல்பு மாற்றக்கூட அவர் கையெழுத்தில் காசு வராது. அவர் கேட்கலாம், எழுதலாம், பேசலாம், அதிகாரி பின்னாலேயே அலையலாம். உள்ளாட்சியில் கொடிகட்டிப் பறந்த பலர் சட்டமன்றத்துக்குப் போய்த் திணறுவது இதனால்தான். கையெழுத்துப் போட்டே பழகிவிட்டு, திடீரென்று கேள்வி மட்டும் கேள் என்றால் கை நடுங்குகிறது. அதனால் கீழே இருக்கும்போதே இரண்டையும் பழகுங்கள்.

இந்தப் பாதை புதிதும் அல்ல. ராஜாஜி 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் (முதலமைச்சரை அன்றைக்கு அப்படித்தான் சொல்வார்கள்). ஓ. பன்னீர்செல்வம் 1996-ல் பெரியகுளம் நகராட்சித் தலைவர், 2001 மே மாதம் பெரியகுளம் எம்.எல்.ஏ., அதே ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சர். இந்த வேகம் எல்லோருக்கும் வாய்க்காது, கனவு காண வேண்டாம். எங்கள் பக்கத்தில் கே.என். நேரு 1986-ல் புள்ளம்பாடி ஒன்றியத் தலைவர், 1989-ல் லால்குடி எம்.எல்.ஏ. மா. சுப்பிரமணியன் 2006-ல் சென்னை மேயர், சைதாப்பேட்டை எம்.எல்.ஏ. ஆனது 2016-ல்.

முன்பு இன்னொரு ஏணியும் இருந்தது. சட்டமன்றத்தின் இன்னொரு அவையான மேலவையில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை உள்ளாட்சி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு நிரப்புவார்கள். 1986 நவம்பரில் தமிழ்நாட்டில் மேலவையைக் கலைத்ததோடு அந்த வாசல் அடைபட்டது. கர்நாடகாவில் இன்னும் இருக்கிறது. நமக்கு நேர்த் தேர்தல் ஒன்றுதான் வழி.

எந்தச் சீட்டில் நிற்பது

கிராமத்தில் ஒரு வாக்காளருக்கு நான்கு ஓட்டுச் சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ, சீப்பு என்று ஏதாவது வரும். பின் இரண்டில் கட்சிச் சின்னம் உண்டு. 21 வயது நிறைந்திருந்தால் நான்கில் எதற்கும் நிற்கலாம். சட்டமன்றத்துக்கு 25.

2019 தேர்தலில் செலவு வரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000, ஒன்றியத்துக்கு 85,000, மாவட்டத்துக்கு 1,70,000. இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் ஏற்கெனவே தேர்தலில் நின்றவர்கள். ஆனாலும் கணக்கு இந்த வரம்புக்குள்தான் காட்ட வேண்டும். அதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் தலைவர் பதவிக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். நிர்வாகம் பழக அது நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் சட்டமன்றம்தான் குறி என்றால் யாரும் சீந்தாத மஞ்சள் சீட்டைப் பாருங்கள் என்பேன். ஒன்றிய வார்டு ஏறக்குறைய 5,000 மக்கள் தொகைக்கு ஒன்று. மாவட்ட வார்டு 50,000-க்கு ஒன்று. ஒரு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை பெரும்பாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டும். மாவட்ட வார்டில் ஜெயித்தவர் தொகுதியில் ஒரு நல்ல பங்கை ஏற்கெனவே வீடு வீடாக நடந்து பார்த்தவர். "அந்தப் பதவியில் ஒன்றுமே இல்லையேண்ணே, பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை" என்பார்கள். அதுதான் நான் சொல்லும் காரணமும். அதிகாரம் இல்லாமல் ஓர் ஊருக்கு ரோடு வாங்கிக் கொடுக்கப் பழகினவருக்கு எம்.எல்.ஏ. வேலை பாதி கைவந்துவிட்டது என்று அர்த்தம்.

இட ஒதுக்கீட்டுச் சுழற்சியையும் கணக்கில் வையுங்கள். பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை, அதாவது இரண்டு தேர்தலுக்கு ஒருமுறை, எந்த ஊராட்சி பொது, எது பெண்கள், எது பட்டியலினத்தவர் என்பது மாறும். அடுத்த தடவை நம் ஊர் நமக்கு இல்லை என்று கடைசி மாதத்தில் தெரிந்து தலையில் கை வைத்து உட்காருவதில் பயனில்லை. இரண்டாவது ஆண்டிலிருந்தே பக்கத்து ஊர்க் காதுகுத்து, கருமாதிக்கும் போய் வாருங்கள்.

தேர்தல் நேரத்துக்கு நடக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். 2016 அக்டோபரில் மனுத்தாக்கல் எல்லாம் முடிந்த பிறகு உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 27 மாவட்டங்களில் அடுத்து ஓட்டுப் பெட்டி வந்தது 2019 டிசம்பரில்தான். அந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. பதவி இல்லாத அந்த இடைவெளியில் யார் ஊரில் நின்று மனு எழுதிக் கொடுத்தார்கள் என்பதைச் சனங்கள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும்

மாலை வாடுவதற்குள் செயலரை உட்கார வைத்து மூன்று கணக்குப் புத்தகத்தையும் விரிக்கச் சொல்லுங்கள். முதல் கணக்கு பொது நிதி: வீட்டு வரி, நிதிக்குழு மானியம். இரண்டாவது மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும். மூன்றாவது திட்டப் பணம். எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காத தலைவரைச் செயலர் ஒரே வாரத்தில் எடை போட்டுவிடுவார். நானே போட்டிருக்கிறேன்.

பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். ஊராட்சியில் நடக்கும் சண்டையில் பாதி இங்கேதான் பிறக்கிறது. வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர், பெரும்பாலும் தலைவர் பதவிக்கு உங்களோடு மோதித் தோற்றவரின் ஆளாக இருப்பார். காசோலை காலத்தில் புத்தகத்தையே வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். இப்போது கணினி வழி. ஓடிபி வந்தால் போனை அணைத்து வைக்கிறார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: தேர்தல் முடிந்த முதல் மாதத்திலேயே அவர் வார்டில் முதல் வேலையைத் தொடங்குங்கள். சட்டம் பேசுவது அதற்கு அடுத்தபடி.

சட்டத்திலும் இரண்டு பிரிவு தெரிந்திருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 205-வது பிரிவின்படி ஆட்சியர் தலைவரை நீக்க முடியும். நீக்குவதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். 203 என்பது அவசர காலத்தில் ஆட்சியர் நேரடியாக வேலையை எடுத்துச் செய்வது. நோட்டீஸ் வந்ததும் எந்தப் பெரிய மனிதரைப் பார்க்கலாம் என்று வண்டியை எடுக்கிறார்கள். முதலில் தீர்மான நோட்டை எடுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, தீர்மான எண், நாள், வவுச்சர் எண், எம்.புக் (வேலையின் அளவு எழுதும் புத்தகம்) பக்கம் போட்டுப் பதில் எழுதுங்கள். கோபம், அரசியல், "காழ்ப்புணர்ச்சி" என்ற வார்த்தை எதுவும் அதில் வேண்டாம். நாலு பக்கம் அழுது எழுதின விளக்கத்தைவிட ஒரு பக்கம் எண் போட்டு எழுதினது நிற்கும். மேலே போகும்போது உங்கள் மேல் உள்ள பழைய நோட்டீஸைத்தான் எதிராளி முதலில் தோண்டுவார். அதனால் பதில் நகலையும் பெற்றுக்கொண்ட ரசீதையும் வீட்டிலும் ஒரு செட் வையுங்கள்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு இருந்தது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு ஆகியிருக்கிறது. நிறைய ஊரில் என்ன நடக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை மரத்தடியில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி, ஒரு ஃபோட்டோ எடுத்து, மிக்சர் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நோட்டில் "மேற்படி பொருள் குறித்து விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுத நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

எம்.எல்.ஏ. ஆசை இருக்கிறவர் கிராம சபையைச் சட்டமன்றத்துக்கு ஒத்திகையாக நடத்த வேண்டும். யாராவது எழுந்து "போன சபையில சொன்ன சாக்கடை என்னாச்சு தலைவரே?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். போன தீர்மானத்தை எண்ணோடு எடுத்து வாசித்து, எஸ்டிமேட் ஓவர்சியரிடம் போயிருக்கிறது, இன்ன தேதியில் ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தோம் என்று சொல்லுங்கள். இன்றைக்கு நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறீர்கள். நாளைக்குக் கோட்டையில் அந்த ஆள் கேட்ட மாதிரிதான் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்று அந்த மரத்தடியில் கற்றுக்கொள்ளலாம்.

வேலை என்று பார்த்தால், ஒன்றை எடுத்து முடியுங்கள். அது குடிதண்ணீராக இருந்தால் உத்தமம். சிமெண்ட் ரோடு இரண்டு மழையில் மறந்துபோகும். காலையில் குழாய் திறந்தால் தண்ணீர் வருகிற ஊர், அதைக் கொண்டுவந்தவர் பெயரை ஒரு தலைமுறைக்குச் சொல்லும். தண்ணீர் என்றால் மேல்நிலைத் தொட்டி கட்டித் திறப்பு விழா நடத்துவது மட்டும் அல்ல. கடைசித் தெருவில், மேட்டில், காலனியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். தொட்டி ஆபரேட்டர் எந்தத் தெரு வால்வை எத்தனை நிமிடம் திறக்கிறார் என்று கூடவே நின்று பாருங்கள். முதல் தெருவில் நாலு பேர் மோட்டார் போட்டு உறிஞ்சுவார்கள்; அவர்களில் இரண்டு பேர் உங்களுக்குத் தேர்தல் வேலை பார்த்தவர்கள். அந்த மோட்டாரைக் கழற்றச் சொல்ல முடிகிறதா என்பதில் உங்கள் சங்கதி தெரிந்துவிடும்.

பெண்களுக்கும் தனி ஊராட்சித் தலைவர்களுக்கும் தனியாகச் சில

2016-ல் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் கொடுத்தார்கள். 2021-ல் சட்டமன்றத்துக்கு ஜெயித்துப் போன பெண்கள் 234-ல் 12 பேர். பாதிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் காணாமல் போனவர்களையெல்லாம் நான் ஊராட்சி அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு "தலைவர் வீட்டுக்காரர்" உட்கார்ந்திருப்பார். அந்தம்மா கையெழுத்துக்கு மட்டும் வந்து போகும்.

தங்கச்சி, மூன்று காரியம் செய். அலுவலகப் பலகையில் உன் போன் நம்பரை எழுது, வீட்டுக்காரர் நம்பரை அழி. பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) கூட்டத்துக்கு நீயே போ, பஸ்ஸில் போனாலும் சரி. எம்.புக்கில் அளவு எடுக்கும்போது டேப்பின் ஒரு முனையை நீ பிடி. ரோடு நீளம், அகலம், கனம் மூன்றையும் உன் டைரியில் குறித்துக்கொள். அடுத்த முறை ஓவர்சியர் பேச்சு மாறுவதை நீயே பார்ப்பாய். வீட்டில் முணுமுணுப்பு வரும். கொஞ்ச நாளில் "எங்க வீட்டம்மா பாத்துக்கும்" என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார், பெருமையாக.

தனி ஊராட்சியில், அதாவது பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய ஊராட்சியில், ஜெயித்தவர்களுக்குச் சொல்வது வேறு. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டு ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியாமல், 2006-ல்தான் நடந்தது. பழைய கதை என்று நினைக்காதீர்கள்; பட்டியலினத் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 2022 ஆகஸ்டில்கூடத் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நாற்காலி மறுக்கப்பட்டால், அலுவலகச் சாவி தரப்படாவிட்டால், அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள்: ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், ஆதிதிராவிடர் நலத்துறை என மூன்று நகல், பதிவுத் தபாலில். "ஊர் ஒற்றுமை கெட்டுப்போகும், பேசித் தீர்த்துக்கலாம்" என்று சமாதானம் சொல்ல வருகிறவர்கள் உண்டு. பேசுங்கள், ஆனால் தபால் போட்ட பிறகு பேசுங்கள். சட்டமன்றத்தில் 44 தொகுதிகள் பட்டியலினத்தவருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டும் பழங்குடியினருக்கும் உண்டு. அதற்கு ஆள் தேடும்போது, கட்சிகள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுகிறவரைத்தான் முதலில் தேடும். அதை மீறிச் சீட்டு வாங்க, ஊரில் எதிர்த்து நின்றதற்கு உங்களிடம் தாள் இருக்க வேண்டும்.

கட்சிக்குள்ளே

தலைவர் தேர்தலுக்குச் சின்னம் கிடையாது என்றாலும் வேட்டிக் கரையை வைத்து யார் யார் என்று ஊருக்கே தெரியும். மறைப்பதில் லாபமில்லை. கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று படி இருக்கிறது. ஒன்றியச் செயலாளருக்கும் எம்.எல்.ஏ. ஆசை இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். இவரைத் தாண்டி மாவட்டத்திடம் போனால் இவர் பகை. இவரோடே இருந்தால் மாவட்டத்துக்கு உங்கள் முகமே தெரியாது. பூத் வேலையில் பெயர் எடுப்பதுதான் யாரும் பொறாமைப்பட முடியாத வழி. உங்கள் ஊர் பூத்தில் கட்சி எத்தனை ஓட்டு வாங்கியது என்பதைத் தலைமை எண்ணாகப் பார்க்கிறது. அதற்கு யார் சிபாரிசும் வேண்டாம்.

ஒன்றியத் தலைவர் பதவிக்கு மறைமுகத் தேர்தல். கவுன்சிலர்களை வேனில் ஏற்றிக் குற்றாலம், கொடைக்கானல் என்று கூட்டிப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்சி மாறி ஓட்டுப் போட்டாலும் உள்ளாட்சியில் கட்சித்தாவல் சட்டம் பாயாது. சட்டமன்றத்தில் பாயும், 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்கள் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். வேனில் ஏறிப் பழகிய புத்தியோடு கோட்டைக்குப் போகாதீர்கள்.

தேர்தல் நெருங்கினால் விருப்ப மனு வாங்குவார்கள், கட்டணம் கட்ட வேண்டும், நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். தொகுதியில் எந்தச் சாதி எவ்வளவு, போன தடவை வித்தியாசம் எத்தனை, நீங்கள் எவ்வளவு செலவு செய்வீர்கள் என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது. முதல் இரண்டுக்கும் பூத் வாரியாகப் பதில் சொன்னால் மூன்றாவதை அவர்களே கொஞ்சம் தளர்த்துவார்கள், அதுவும் சில நேரம்தான். எல்லாம் கூடி வந்து, தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவதும் நடக்கும். அன்றைக்குப் போட்டி வேட்பாளராக நின்று பேர் வாங்கினவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

மனுத்தாக்கல்: என் திண்ணை வேலை

இங்கேதான் நான் கொஞ்சம் கறாரான ஆள். மனுத்தாக்கல் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர், எல்லோரும் அதே தொகுதி வாக்காளர்கள். நீங்கள் தமிழ்நாட்டில் எந்தத் தொகுதி வாக்காளராக இருந்தாலும் நிற்கலாம். வேறு தொகுதி என்றால் பட்டியலின் சான்றளித்த நகல் வேண்டும். கட்சிச் சின்னத்துக்குக் கட்சி கொடுக்கும் ஏ ஃபார்ம், பி ஃபார்ம் இரண்டும் கடைசி நாள் 3 மணிக்குள் தேர்தல் அலுவலர் கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது, மையில் போட்ட கையெழுத்து வேண்டும்.

பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. ஒன்றுமில்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். கோடு போடாதீர்கள். மனைவி பெயரில் உள்ள நகை, சொசைட்டிக் கடன், அப்பாவிடமிருந்து பிரியாத நிலத்தில் உங்கள் பங்கு எல்லாம் வர வேண்டும். "அதெல்லாம் எதுக்குண்ணே" என்று கேட்பவரிடம், எதிர்த்து நிற்பவரிடம் உங்கள் பத்திர நகல் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்வேன்.

வழக்கு விவரத்தில்தான் உள்ளாட்சியிலிருந்து வந்தவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். தண்ணீர் கேட்டுக் காலிக் குடத்தோடு சாலை மறியல் செய்தது, கொரோனா காலத்தில் கூட்டம் சேர்த்தது என்று எந்தக் காவல் நிலையத்தில் என்ன எஃப்.ஐ.ஆர். கிடக்கிறது என்று அவர்களுக்கே நினைவிருக்காது. மனுவுக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுதிக் கேட்டு விவரம் வாங்குங்கள். நிலுவையில் வழக்கு இருந்தால் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் கொடுக்க வேண்டும். குடத்தோடு மறியல் செய்த வழக்கு ஓட்டைக் குறைக்காது, கூட்டத்தான் செய்யும்; மறைத்தால்தான் ஆபத்து.

அதைவிடப் பெரிய கண்ணி ஒப்பந்தம். அரசாங்கத்தோடு நடப்பில் உள்ள ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9-ஏ பிரிவில் தகுதி போய்விடும். ஒன்றியத்தில் செல்வாக்கு வந்ததும் முதல் வகுப்பு கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுப்பது நம் ஊர் வழக்கம். கோட்டைக்குப் போக வேண்டும் என்றால் அந்தப் பழக்கத்தை ஆரம்பத்திலேயே விடுங்கள்.

செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, மனுவுக்கு ஒருநாள் முன்னதாகவாவது திறந்திருக்க வேண்டும். பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் தினச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கி. ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. 2022-லிருந்து சட்டமன்றத் தொகுதிக்கு வரம்பு 40 லட்சம். தேர்தல் முடியும் முன் மூன்று முறை பார்வையாளர் பதிவேட்டைச் சரிபார்ப்பார். நாற்காலி வாடகை, வேன் டீசல், டீ எல்லாவற்றுக்கும் அவர்களே விலைப்பட்டியல் வைத்திருப்பார்கள். டீ விலையைக் குறைத்துப் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஜெயித்த பிறகு

ஓமந்தூரார் வளாகத்தில் விடுதி அறை, அடையாள அட்டை, வெள்ளைச் சட்டை எல்லாம் கிடைக்கும். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. காதில் கேட்டால் நிறைய மாதிரி தோன்றும். ஐம்பது அறுபது ஊராட்சிக்குப் பிரித்துப் பாருங்கள், ஊருக்கு ஒரு நிழற்குடைதான். அந்தப் பணமும் உங்கள் கைக்கு வராது. பணிகளின் பட்டியல்தான் நீங்கள் தருவது. எஸ்டிமேட் போடுவது, டெண்டர் விடுவது, பில் போடுவது எல்லாம் அதிகாரிகள் வேலை.

ஆகவே கேள்வி எழுதப் பழகுங்கள். "எங்கள் தொகுதியில் சாலைகள் மோசமாக உள்ளன, அரசு நடவடிக்கை எடுக்குமா?" என்று கேட்டால், "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற பதிலை அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். இப்படிக் கேளுங்கள்: இன்ன ஊராட்சியில் இன்ன தெரு முதல் இன்ன ஏரிக்கரை வரை, இத்தனை மீட்டர், இன்ன தேதியில் எஸ்டிமேட் போட்டு ஒன்றியத்தில் ஒப்படைக்கப்பட்ட சாலை, இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ள அரசு முன்வருமா? இடம், நீளம், தேதி, ஆண்டு நான்கும் கேள்விக்குள்ளேயே இருந்தால் வழுக்க இடமில்லை. பதிலில் அமைச்சர் "செய்யப்படும்" என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டால் அது அரசு உறுதிமொழிக் குழுவுக்குப் போகும். குழு பின்னாலேயே துரத்தும். "பரிசீலிக்கப்படும்" என்றால் பிடி அவ்வளவு இறுகாது. துணைக் கேள்வியைப் பரிசீலனையிலிருந்து செய்கைக்கு இழுத்து வரப் பயன்படுத்துங்கள். பாராட்டுரைக்கு நேரத்தை வீணாக்காதீர்கள் என்று சொல்ல ஆசைதான், கட்சி விடாது. இரண்டு நிமிடம் பாராட்டி மூன்றாவது நிமிடம் ஏரிக்கரைக்கு வாருங்கள்.

குழு வேலையை யாரும் மதிப்பதில்லை. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு எதில் போட்டாலும் போங்கள். ஊராட்சியில் மூன்று கணக்கைப் பார்த்தவருக்குத் தணிக்கை அறிக்கை படிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. படித்த வக்கீல்கள் தடுமாறும் இடத்தில் எம்.புக் தெரிந்த ஆள் அதிகாரியைத் திணறடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, நீண்ட நாள் நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தரச் சொன்னார். இந்த மாதிரி வாய்ப்பு வரும்போது உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. கிராம சபைத் தீர்மானங்களிலிருந்து எடுத்த பட்டியல் தயாராக மேசையில் கிடக்க வேண்டும், வரிசை எண் போட்டு.

இன்னொன்று: எம்.எல்.ஏ. ஆன பிறகும் பழைய ஊராட்சித் தலைவர் வேலையையே பார்க்காதீர்கள். குழாய் உடைந்ததா, அந்த ஊர்த் தலைவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், நீங்களே ஆள் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அவர் உங்களைப் பகையாக நினைப்பார். அதைவிட மோசம், மக்கள் குழாய்க்கெல்லாம் உங்களையே கூப்பிட ஆரம்பிப்பார்கள். ஏரியைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் நீங்கள் வாஷர் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

தோற்றால்

இதைப் படிக்கிறவர்களில் அதிகம் பேருக்கு இந்தப் பகுதிதான் உதவும். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் டெபாசிட் போகும். போனால் போகட்டும், செலவுக் கணக்கை விடாதீர்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் வவுச்சரோடு ஒப்படைக்க வேண்டும். தோற்றவன் எதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று விட்டவர்களுக்கு மூன்றாண்டு தகுதி நீக்கம் வந்திருக்கிறது. கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதை நிலப் பத்திரத்தோடு வையுங்கள்.

அடுத்ததாக படிவம் 20-ஐ எடுங்கள். பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். உங்கள் ஏஜெண்டுகள் பூத்திலிருந்து வாங்கி வந்த 17-சி-யோடு (பதிவான ஓட்டுக் கணக்குப் படிவம்) ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அந்தப் பூத்துகளை ஒன்றிய வார்டு வாரியாகச் சேர்த்துக் கூட்டுங்கள். உங்கள் சொந்த ஊரில் விழாமல், நீங்கள் இரண்டே தடவை போன ஏதோ ஓர் ஊரில் கொத்தாக விழுந்திருக்கும். ஏன் என்று ஃபோனில் கேட்காதீர்கள், நேரில் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் பச்சைச் சீட்டுக்கோ மஞ்சள் சீட்டுக்கோ எந்த வார்டில் மனு போடுவது என்பதை அந்தப் பெஞ்சில் முடிவு செய்துகொண்டு, ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோவோடு என் திண்ணைக்கு வாருங்கள்.